சட்டை கழற்றாத பலாமரம்

பயந்தாங்கொள்ளி ஒருவனைக் கொல்லிமலைக்கு அனுப்ப வேண்டும் என்று எங்கள் முதலாளிக்கு எப்படித்தான் தோன்றியதோ தெரியவில்லை. நாகப்பட்டினத்தில் கடலோரத்து மரவாடி ஒன்றில் மரம் பார்த்துத் தரம் பிரிக்கிறவன் நான். கப்பலில் பர்மாத் தேக்கு வந்து இறங்கும். தட்டிப் பார்த்து, உள்ளே வைரம் எவ்வளவு, வெளியே வெள்ளை எவ்வளவு என்று சொல்லுவேன். நான் இருந்த இடத்துக்கு மரம் வந்ததே தவிர, மரம் இருந்த இடத்துக்கு நான் போனதில்லை. சண்டை வந்து ரங்கூன் கப்பல் நின்றதும் அந்தச் சௌகரியம் போயிற்று.

கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்கிற ஊர்ப்பக்கம் வண்டு விழுந்து பலாமரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன என்று முதலாளிக்குச் சேதி வந்தது. மழை பிடித்து உளுத்துப்போவதற்குள் அறுத்தால் உள்வைரம் தேறும். மலைக்கு ரோடு கிடையாது, கட்டையை முழுசாக இறக்க முடியாது, அங்கேயே குழி வெட்டிப் பலகையாக அறுத்துத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். "போய் நின்று பார்த்து அறுக்கச் சொல்லிவிட்டு வா" என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, அங்கே காய்ச்சல் உண்டா என்பது. இரண்டாவது கேள்வி, கரடி உண்டா என்பது. இரண்டுக்கும் சேர்த்து அவர் வழிச்செலவுப் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார்.

எங்கள் தெருக் கம்பவுண்டர் எங்கிருந்தோ ஒரு சீசா கொயினா மாத்திரை தேடிக் கொடுத்தார். சண்டைக் காலத்தில் அது தங்கம்போல. "மலைக்காய்ச்சலைக் கொண்டுவருவது கொசுதான். உடம்பை மூடிக்கொள்ளுங்கள், தினம் ஒரு மாத்திரை போடுங்கள், கூடப் போட்டால் காது அடைக்கும்" என்றார். ஒன்று காப்பாற்றுமானால் மூன்று நன்றாகவே காப்பாற்றும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். கிளம்பிய அன்றே மூன்று விழுங்கினேன்.

அடிவாரம் வரை போன பஸ், பின்னால் அடுப்பு கட்டிக் கரியில் ஓடுவது. பெட்ரோல் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்ஸெல்லாம் அப்போது கரிதான் தின்றன. மேடு வந்த இடத்தில் எல்லாம் மூச்சு வாங்கி நின்றது. கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிண்டுவார், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். தள்ளும்போது என் பக்கத்தில் வெற்றிலை வாயோடு ஒருவர் கேட்டார். "ஏனுங்க, மலைக்குங்களா?"

ஆமாம் என்றேன்.

"போற வருசம் எங்கூருக்காரரு ஒருத்தரு மேல போனாருங்க. திரும்பறப்ப நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க" என்றார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க கனமாட்டம்தான் இருக்கறீங்க" என்றும் சொன்னார். நான் பஸ்ஸுக்குள் ஏறியதும் இன்னொரு மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அடிவாரத்தில் எனக்காகப் பெரியண்ணன் காத்திருந்தார். மலையில் அறுப்பு வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் வேட்டி, தலையில் துண்டு, முதுகுப்பக்கம் கொடுவாள். மேலுக்கு ஒன்றும் இல்லை. மூங்கிலில் நாற்காலி தொங்கவிட்டு ஒரு டோலியும் நாலு ஆளும் கொண்டுவந்திருந்தார். நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். தூக்கியதும் பூமி கீழே போயிற்று. இறக்கச் சொல்லிவிட்டேன். பஸ் தள்ளும்போது கேட்ட நாலு பேர் கதை வேறு ஞாபகத்துக்கு வந்தது.

நடந்தும் சுகமில்லை. எங்கள் ஊரில் உயரம் என்றால் கோயில் கோபுரமும் கலங்கரை விளக்கும்தான். இங்கே பாதை ஆட்டுக்கு வெட்டியதுபோல் மேலே மேலே போயிற்று. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத பக்கத்தைப் பார்க்காமல் பாறையைத் தடவிக்கொண்டே ஏறினேன். சில இடங்களில் நாலு காலிலும் ஏறினேன். டோலிக்காரர்கள் காலி டோலியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். என்ன சொன்னார்கள் என்பது காதில் விழவில்லை. அப்போதே காதுக்குள் ஒரு சில்வண்டு கத்த ஆரம்பித்திருந்தது.

தங்குவதற்குச் சடையன் என்பவர் வீட்டில் ஒரு அறை ஒழித்துக் கொடுத்தார்கள். மண் சுவர், மேலே புல் கூரை. சடையன் பெரியண்ணனின் தங்கை புருஷன். குழிக்குள் இறங்கி நின்று வாள் இழுக்கிறவர் அவர்தான். மெலிந்த ஆள், சாந்தமான முகம். அவர் மனைவி நல்லம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தாள். மிளகு தாராளமாக இருந்தது. மீன் இல்லாத சாப்பாடு எனக்குச் சாப்பாடே இல்லை என்றாலும், ஏறி வந்த பசியில் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். குடிக்கத் தண்ணீரைக் காய்ச்சித் தரச் சொன்னேன். "ஊத்துத் தண்ணிங்க சாமி, அதைய எதுக்குக் காச்சறது?" என்று அவள் கேட்டதாகப் பெரியண்ணன் இன்னொரு தடவை உரக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, என் பெருமைக்குக் கொஞ்சம் பேசினேன். எங்கள் மரவாடியில் கட்டையைத் தோலோடுதான் அடுக்குவோம், தோல் இருந்தால் வெயிலுக்கு வெடிக்காது என்றேன். பெரியண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு பின்னால் என்ன செய்யப் போகிறது என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பேன்.

மறுநாள் மரம் பார்க்கப் போனோம். ஓடை ஓரமாகப் பலாமரங்கள் இலை கொட்டி நின்றன. பலாவை இலையில்லாமல் நான் பார்த்ததே கிடையாது. பக்கத்தில் பச்சையாக மிளகுக்கொடியும் வாழையும் இருக்க, இவை மட்டும் எலும்பாக நின்றன. அடிமரத்தில் விரல் நுழையும் ஓட்டைகள். ஓட்டைக்குக் கீழே அரைத்து வைத்ததுபோல் மரத்தூள். பெரியண்ணன் கொடுவாள் முனையால் ஒரு ஓட்டையைக் கிளறி, கட்டைவிரல் பருமனில் ஒரு வெள்ளைப் புழுவை எடுத்துக் காட்டினார். இந்தப் புழு பட்டைக்கு அடியில் மரத்தைச் சுற்றித் தின்று வழி பண்ணிக்கொண்டே போகுமாம். சுற்றி முடித்தால் மரம் முடிந்தது. பிறகு அது மீசை நீண்ட வண்டாகி அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

"கேளுங்க சாமி, உள்ள மெல்லுது" என்று ஒரு மரத்தில் காதை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நானும் காதை வைத்தேன். எனக்குள்ளே கத்துகிற சில்வண்டுதான் கேட்டது. ஆனால் மரம் பார்த்துப் பிழைக்கிறவன் மரத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? "ஆமாம், நன்றாகக் கேட்கிறது" என்றேன்.

அந்த ஒரு பொய்யோடு நிற்கவில்லை. அன்று முழுக்க அவர்கள் பேசியதில் பாதிக்கு நான் தலையை ஆட்டினேன். உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்து, குத்துமதிப்பாகப் பதில் சொன்னேன். மாத்திரையைக் குறைத்தால் காது திறக்கும் என்று தெரியும். ஓடை ஓரத்தில் கொசு மொய்ப்பதையும் கண்ணால் பார்த்தேன். இரண்டில் எதற்கு அதிகமாகப் பயந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அறுப்பு. ஓடைக்கு மேலே சரிவில் ஆளுயரத்துக்குக் குழி வெட்டியிருந்தார்கள். குழியின் மேட்டு ஓரத்தில் ஒன்றும் பள்ள ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு குறுக்குக் கட்டைகள். அதன்மேல் பலாக்கட்டையைக் குழிக்கு நேராக நீளவாக்கில் ஏற்றி, இரண்டு இடத்திலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஒருவர் கட்டையின்மேல் ஏறி நிற்பார், ஒருவர் குழிக்குள் நிற்பார். ஆளுயர வாளை மேலும் கீழுமாக இழுப்பார்கள். மேலே நிற்கிறவர் கோட்டைப் பார்த்து வாளை நடத்துவார். கீழே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் தூள் விழாமல் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, தலைக்கு மேலே ஐந்தாறு ஆள் கனத்தில் ஒரு கட்டையை நம்பி நிற்க வேண்டியதுதான். குழியை எட்டிப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றேன். இறங்கப் போவது நான் இல்லை, ஆனாலும் போனேன்.

குழியோரத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிச் சூடம் கொளுத்தியிருந்தார்கள். எல்லோரும் வெற்று மேலோடு நின்று கும்பிட்டார்கள். நான் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் காதோடு சேர்த்துச் சுற்றிய துண்டு. தூறல் வேறு. அந்த நேரத்தில் பெரியண்ணன் என் பக்கம் திரும்பி, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சாமி, சட்டையக் கழட்டிரலாமுங்களா?"

இது தெளிவாகக் காதில் விழுந்தது. சாமி கல்லுக்கு முன்னால் நிற்கிறோம், சட்டையைக் கழற்றச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொசு மொய்க்கிற ஓடைக்கரையில் வெற்று மேலோடு நிற்பதா? உடம்பெல்லாம் கூசியது.

"அதெல்லாம் வேண்டாம். சட்டையோடயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "சட்டையோட இருந்தா ஆகாதுங்களே" என்று ஆரம்பித்து இன்னும் என்னவோ நீளமாகச் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வழக்கத்துக்கு அவர் வழக்கம் பெரிசா என்று கோபம்தான் வந்தது. குழிக்குள் இறங்கக் காலைத் தொங்கவிட்டிருந்த சடையனும் என்னை நிமிர்ந்து பார்த்து, "கழட்டிரலாமுங்க சாமி, செத்த நேரந்தான்" என்றார்.

"சட்டையைக் கழட்டக் கூடாது என்றால் கழட்டக் கூடாது. ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்றேன்.

வாங்குகிற இடத்துக்காரன் சொல்லிவிட்டான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சடையன் முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். என் சட்டை என் மேலேயே இருந்தது. எனக்கு ஜெயித்த நிம்மதி.

அந்த மலையில் அறுப்பு வேலைக்காரர்களுக்கு ஒரு பேச்சு உண்டு. மரத்தோடு ஒட்டியிருக்கும்வரை பட்டை. புழு தின்று, உள்ளே விட்டுப்போய், பாம்பு உரிப்பதுபோல் தொளதொளவென்று ஆனால் அது சட்டை. வண்டு விழுந்த மரத்தைக் குழிமேல் ஏற்றினால், முதலில் சட்டையைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கயிறு பிடித்திருப்பது சட்டையை, மரத்தை அல்ல. கட்டையைத் தோலோடு அடுக்குவோம் என்று நான் அளந்திருந்ததால், அதைத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது எனக்குத் தெரிந்தபோது காரியம் கைமிஞ்சிவிட்டது.

பெரியண்ணன் கட்டையின்மேல் ஏறி நிற்க, வாள் ஓடத் தொடங்கியது. மஞ்சள் தூள் குழிக்குள் கொட்டியது. வெட்டின இடத்தில் வைரம் மஞ்சள் கிழங்கு மாதிரி தெரிந்தது. இப்படி வைரத்துக்குள் போகாமல் வண்டு வெளியோடு நின்றிருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டே குனிந்து பார்த்தேன். தூறல் பட்டையின் விரிசல்களில் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே புழு அரைத்து வைத்த தூள் தண்ணீர்பட்டுக் களியாகக் கசிந்து வந்தது.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அதனால் நான் பார்த்தது எல்லாம் ஊமையாக நடந்தது. பெரியண்ணன் கட்டையின்மேலிருந்து பக்கத்தில் தாவினார். கட்டை சட்டைக்குள்ளிருந்து வழுக்கிச் சரிவுப் பக்கம் போயிற்று. கயிறு இரண்டும் கட்டினபடியே, வெறும் பட்டைக் கூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றன. கட்டையின் பின்முனை மேட்டுக் குறுக்குக் கட்டையை விட்டுக் குழிக்குள் இறங்கியது. வாள் வளைந்து நின்றது. தூள் புகைபோல் எழும்பியது. எல்லோரும் குழியோரத்தில் விழுந்து வாயைத் திறந்து கத்தினார்கள். எனக்கு அந்தச் சில்வண்டு மட்டும்.

சடையன் செத்துப்போனார் என்று நினைத்தேன். அவருக்காக அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில், ஆறேழு பேர் கையில் கொடுவாள் இருந்ததுதான் முதலில் என் கண்ணில் பட்டது. இவர்கள் ஆளை நான் கொன்றுவிட்டேன், இனி என்னை என்ன செய்வார்களோ என்றுதான் நினைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி ஓடினேன்.

எவ்வளவு தூரம் ஓடினேனோ, வழியில் நல்லம்மா சோற்றுக்கூடையோடு எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். என்னவோ கேட்டாள். காதில் விழவில்லை. மறுபடியும் கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்தேன். அண்ணனைக் கேட்கிறாளா, புருஷனைக் கேட்கிறாளா, சாப்பிடுகிறாயா என்று கேட்கிறாளா, ஒன்றும் புரியவில்லை. "நான் ஒன்றும் பண்ணவில்லை அம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. கூடையை அப்படியே போட்டுவிட்டுக் குழியைப் பார்த்து ஓடினாள்.

சோறு பாதையெல்லாம் சிந்திக் கிடந்தது. நான் அவள் பின்னால் போனேன். துணிச்சலால் அல்ல. தனியாக இறங்க வழி தெரியாது, காட்டுக்குள் நிற்கவும் பயம்.

நான் திரும்பியபோது மூங்கில் கொம்புகளால் நெம்பிக் கட்டையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். சடையனை மேலே கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே திசைமாறிக் கிடந்தது. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது. உயிரோடிருந்தார். கட்டை இறங்கிய கணத்திலிருந்தே "இருக்கறேன், இருக்கறேன்" என்று குழிக்குள்ளிருந்து கத்திக்கொண்டே இருந்தாராம். அந்த மலையில் அது கேட்காத ஒரே ஆள் நான்தான்.

பெரியண்ணன் முன்னால் உட்கார்ந்து, காதைத் தொட்டுக் காட்டி, கொசுவுக்குப் பயந்து மாத்திரை விழுங்கி மூன்று நாளாக எனக்குக் காது கேட்கவில்லை, எல்லாவற்றுக்கும் சும்மா தலையாட்டினேன் என்று சொன்னேன். அவர் கயிற்றில் தொங்கிய பட்டைக் கூட்டைப் பிடித்து இழுத்து என் மடியில் போட்டார். குனிந்து என் காதில் வாய் வைத்து, நிதானமாகச் சொன்னார்.

"இதையத்தானுங்க சட்டைன்னு கேட்டேன்."

உள்பக்கம் வழவழவென்று ஈரமாக இருந்தது. புழு போன வழிகள் கைரேகைபோல் ஓடின. நான் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் மறுபடியும் குனிந்தார். "இப்ப உங்க சட்டையுங்க. கால் கட்டோணும்."

கழற்றிக் கொடுத்தேன். பட்டையை இரண்டு பக்கமும் தப்பைபோல் வைத்து, என் சட்டையைக் கிழித்துக் கட்டினார்கள். வலியில் சடையனின் உடம்பு வில்லாக வளைந்தது. கட்டி முடித்ததும் அவர் என்னைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார். நல்லம்மா அழுதுகொண்டே சிரித்தாள். என்னவென்று கேட்டேன். பெரியண்ணன் காதில் சொன்னார்: "அவருக்குக் கொசுவுன்னாப் பயம், துண்டையாச்சும் போத்திக்கச் சொல்லுங்கங்கறான்."

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. ஓடை பெருகிக் கீழே இறங்கும் பாதையை அடைத்தது. சடையனை அடிவாரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. மேலே பக்கத்து அரியூர் நாட்டிலிருந்து எலும்பு கட்டுகிறவர் நனைந்துகொண்டு வந்து எண்ணெய் போட்டுக் கட்டினார். காய்ச்சல் வந்தால் கொடுக்கும்படி கொயினா சீசாவை நல்லம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எனக்கென்று ஒரு மாத்திரைகூட வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த இரண்டு நாளும் துண்டைப் போர்த்திக்கொண்டு, உடம்பு சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு என் அறையில் கிடந்தேன். கண்ணயர்ந்தபோதெல்லாம் கட்டை நழுவியது. ஆனால் வெளியே ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி பெரிய உபகாரமாக இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்து, வெயில் வந்த பிறகுதான் எழுந்தேன். சில்வண்டு நின்றிருந்தது. எங்கேயோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. கோழி கேட்டது. அப்புறம் இன்னொன்று கேட்டது. மண் சுவருக்கு அந்தப் பக்கம், என் தலைமாட்டுக்கு ஒரு முழ தூரத்தில், மூச்சு விடும்போதெல்லாம் ஒரு மனிதன் முனகுகிற சத்தம். நிற்கவே இல்லை.

நல்லம்மா களி கொண்டுவந்து வைத்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன்.

"அன்னைக்கிருந்தேதானுங்க" என்றாள். "மொதல்ல உங்களைய எங்கண்ணன் ஊட்டுல படுக்க வெக்கலாம்னுதான் இருந்தமுங்க. உங்களுக்குத்தான் காது கேக்காதே, தொந்தரவு இல்லையேன்னு இங்கியே உட்டுட்டமுங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நான் களியைத் தொடவில்லை.

அன்று மத்தியானம் ஓடை வடிந்தது. டோலி கட்டினார்கள். டோலிக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒரு ஆள் குறைந்தது. பெரியண்ணன் யாரையோ கூப்பிடத் திரும்பினார். நான் பின்கொம்புக்குத் தோள் கொடுத்தேன். அவர் என்னை நிறுத்தவில்லை. சடையனின் கால் எலும்பு ஆஸ்பத்திரியில் கூடியதையும், சற்று விந்தி நடந்தாலும் மறு வருஷம் அவர் குழியில் இறங்கியதையும் பிற்பாடு கேள்விப்பட்டேன். அன்று அதெல்லாம் தெரியாது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. கொசு மேலெல்லாம் கடித்தது. நான் ஒவ்வொரு அடி எடுத்துவைக்கும்போதும் டோலி குலுங்கியது, அவர் முனகினார். அடிவாரம் வரும்வரை ஒவ்வொன்றும் எனக்கு நன்றாகவே கேட்டது.